ரிஜெக்டுக்கு ரேட் அதிகம்

ஓசூர்க்காரர்களுக்கு விடிந்தால் ஒரே வேலைதான். நேற்றுச் செய்ததை அப்படியே இன்றைக்கும் செய்ய வேண்டும். சிப்காட்டில் எந்த கேட்டுக்குள் நுழைந்தாலும் இதுதான் விதி. பைக்கோ, லாரியோ, கைக்கடிகாரமோ, அதற்குள் போகிற கண்ணுக்குத் தெரியாத திருகாணியோ, முதல் பீஸும் லட்சமாவது பீஸும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்க வேண்டும். இரட்டைப் பிள்ளைகளிலாவது ஒன்றுக்கு மச்சம் இருக்கும். எங்கள் பீஸில் மச்சம் இருந்தால் சிவப்புத் தொட்டிக்குப் போய்விடும்.

அந்தச் சிவப்புத் தொட்டிக்கு அதிகாரி நான். வாகன உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி டிபார்ட்மென்ட். எனக்குக் கொடுத்திருக்கிற சலுகை பிளஸ் ஆர் மைனஸ் இருபது மைக்ரான். தலைமுடியின் கனமே ஐம்பதிலிருந்து நூறு மைக்ரான் வரை போகும் என்றால், என் பெருந்தன்மை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டால் கண் கெட்டுவிடும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்க்கத் தோன்றாது. மேடையின் இடது குத்துவிளக்கு வலதைவிட இரண்டு விரற்கடை உள்ளே இருப்பதுதான் தெரியும். பந்தியில் இலைக்கு இலை அப்பளம் ஒரே விட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். பக்கத்தில் உட்காருகிறவர்கள் பாவம்.

இப்படிப்பட்டவளுக்குப் பொட்டிக்கில் என்ன வேலை என்று கேட்கலாம். என் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்கிறார்.

பொட்டிக் என்றால் ஓசூரில் முன்பெல்லாம் வேறு பொருள். மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மிஷின், ஆரி ஒர்க் செய்கிற கட்டில் சட்டம் ஒன்று, கதவில் மாதுரி தீட்சித் படம், பிளவுஸ் என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்டால் “வெள்ளிக்கிழமை” என்ற ஒரே பதில். இப்போது வந்திருப்பது வேறு இனம். பெங்களூரில் வாடகை தாங்காமல் அத்திப்பள்ளியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்த இனம். தரையில் டைல்ஸ் இருக்காது, வெறும் சிமென்ட். ஓரத்தில் ஒரு மண்பானை. அதில் காய்ந்த குச்சிகள். துணிகள் ஒன்றோடொன்று உரசாமல் ஆளுக்கு ஒரு முழம் தள்ளித் தொங்கும். மலைமலையாகக் குவித்த சேலைகளுக்குள் கையை விட்டு இழுத்தே வாங்கிப் பழகிய நமக்கு முதலில் கடையைக் காலி செய்கிறார்களோ என்று தோன்றும். விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் விவரம் புரியும்: கடையில் சரக்கு குறையக் குறைய விலை ஏறும்.

அந்த விலைச்சீட்டோடு சணல் கயிற்றில் இன்னொரு அட்டையும் கட்டியிருப்பார்கள். என்னை அந்தக் கடைக்கு அடிமையாக்கியது துணியல்ல, அந்த அட்டை. ‘இது கைகளால் உருவானது. நிறத்திலும் அளவிலும் நெசவிலும் தென்படும் சிறு மாறுபாடுகள் குறைகள் அல்ல; அவையே இதன் அழகு’ என்கிற தோரணையில் நாலு வரி.

நின்ற இடத்திலேயே திரும்பத் திரும்பப் படித்தேன். இதே அட்டையை எங்கள் ரிஜெக்ட் லாட்டில் கட்டி ஜெர்மனிக்கு அனுப்பினால் எப்படி இருக்கும்? ‘துளை அரை மில்லிமீட்டர் தள்ளிப் போயிருப்பது குறையல்ல, எங்கள் ஆபரேட்டரின் மனநிலை.’ நிஜத்தில் அப்படி ஒரு பீஸ் போய்ச் சேர்ந்தால் அங்கிருந்து வருவது எட்டு டி என்கிற எட்டுக் கட்ட விசாரணை. ஏன் தள்ளியது? பிடிமானம் தளர்ந்தது. ஏன் தளர்ந்தது? போல்ட் தேய்ந்தது. ஏன் தேய்ந்ததைப் பார்க்கவில்லை? இப்படி ஐந்து ‘ஏன்’ கேட்டு முடிப்பதற்குள் நாம் ஏன் பிறந்தோம் என்கிற ஆறாவது கேள்வி தானாக வந்துவிடும். ஐ.ஏ.டி.எஃப். 16949 என்று வாகனத் தொழிலுக்கென்றே ஒரு தரச்சான்று இருக்கிறது. அதைத் தலைகீழாகப் படித்திருக்கிறேன். அதில் எந்த மூலையிலும் ‘அழகு’ என்ற சொல் கிடையாது.

பகலெல்லாம் இரண்டு பொருள் ஒரே மாதிரி இருப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறோம். சாயங்காலம் அந்தச் சம்பளத்தைக் கொண்டுபோய் இரண்டு பொருள் ஒரே மாதிரி இல்லாததற்காகக் கொடுத்துவிட்டு வருகிறோம். சிப்காட்டுக்கும் பொட்டிக்குக்கும் நடுவே ஓடுகிற பொருளாதாரம் இவ்வளவுதான்.

அந்தக் கடையின் வாட்ஸ்அப் குழுவில் ‘நியூ அரைவல்ஸ்’ என்று வராத வாரம் கிடையாது. மற்ற ஊர்களில் சீசனுக்குச் சீசன் சரக்கு வரும். ஓசூரில் சீசன் முடிந்தால்தானே அடுத்தது வர? மூன்று பஞ்சாங்கம் ஓடுகிற ஊர் இது. உகாதிக்குத் தெலுங்கு, கன்னட வீடுகளுக்கு ஒரு கலெக்‌ஷன். அந்தச் சூடு ஆறுவதற்குள் சித்திரை. ஓணத்துக்கு மலையாளிகளை நம்பிக் கசவு. ஆயுதபூஜை எல்லாச் சாதி, மொழி, மிஷினுக்கும் பொது. போனஸும் அதையொட்டி வரும் என்பதால் கடைக்காரர்கள் சரஸ்வதியைவிட பக்தியாக அதை எதிர்பார்ப்பார்கள். பிறகு தீபாவளி, பிறகு சங்கராந்தி. நடுவில் காதலர் தினத்துக்கு ரோஜாவை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஊர் என்பதால் ஒரு ‘ரோஸ் எடிட்’.

ஆனால் இந்தக் கடையின் உண்மையான சர்க்கஸைப் பார்க்க ஆடியில் போக வேண்டும். தமிழர்களுக்கு ஆடியில் நல்ல காரியம் கிடையாது; அதனால் தள்ளுபடி. தெலுங்கு, கன்னடக்காரர்களுக்கோ அமாவாசை கழிந்த மறுநாளே சிராவணம் பிறந்துவிடும். வருஷத்திலேயே மங்களமான மாதம். 2025-இல் ஆடி அமாவாசை ஜூலை 24. வரமகாலட்சுமி விரதம் ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை. அன்று நம் கணக்கில் ஆடி 23. ஆகவே கடையில் இடது பக்கக் கம்பியில் ‘ஆடி ஆஃபர், 30 சதவீதம்’. வலது பக்கக் கம்பியில் ‘சிராவண கலெக்‌ஷன்’, முழு விலை. நடுவில் ஒரு மண்பானைதான் எல்லை. அத்திப்பள்ளி செக்போஸ்ட்கூட இவ்வளவு கறாராக இரண்டு உலகத்தைப் பிரித்ததில்லை. நான் கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழ். புகுந்த வீடு கெலமங்கலத்துத் தெலுங்கு. இடது கம்பியில் நான் எடுத்த சேலையை அத்தை அதே வெள்ளிக்கிழமை கலசத்துக்கு முன்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். 30 சதவீதம் லாபம் தரும் கலப்புத் திருமணத்தை எந்த அரசு உதவித்திட்டமும் மிஞ்ச முடியாது.

முதல் சண்டை ஒரு கம்மலால் வந்தது. சென்னபட்டணத்து மரக் கம்மல். பொம்மைக்குப் பேர்போன ஊர், பெங்களூர் தாண்டி மைசூர் போகிற வழி. வெட்பாலை மரத்தை லேத்தில் கடைவார்கள். சுற்றிக்கொண்டிருக்கிற மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்கிற சூட்டில் அரக்கு உருகி நிறமாய் ஒட்டிக்கொள்ளும். பிறகு தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு. லேத் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உறவுக்காரரைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. கைப்பையில் எப்போதும் ஒரு வெர்னியர் இருக்கும். எடுத்தேன்.

“மேடம், இது ஜோடி இல்லை.”

“ஜோடிதானே மேடம்?”

“இது பதினெட்டு புள்ளி ரெண்டு. அது பதினேழு புள்ளி ஆறு. அரை மில்லிமீட்டருக்கு மேலே வித்தியாசம்.”

கடைக்கார அம்மா பெங்களூரில் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்தவர். எந்தக் கஸ்டமரையும் பார்த்துப் பயப்படுகிற ஆள் இல்லை. சிரித்துக்கொண்டே, “உங்க ரெண்டு காதும் ஒரே அளவா மேடம்?” என்றார்.

வீட்டுக்குப் போய் அளந்து பார்த்தேன். ரீடிங்கை இங்கே எழுதுவதாக இல்லை. கம்மல் இப்போது என் காதில்தான் இருக்கிறது, பெரியது எந்தப் பக்கம் என்பது எனக்கும் வெர்னியருக்கும் மட்டும் தெரியும்.

அடுத்து ‘போச்சம்பள்ளி இக்கத்’ வந்தது. என்னோடு வந்திருந்த பெண் போச்சம்பள்ளிக்காரி. சீட்டைப் படித்துவிட்டுத் திடுக்கிட்டாள். “எங்க ஊர்லயா அக்கா? எங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை சந்தை இருக்கு, சிப்காட் இருக்கு, கரென்ட் ஸ்கூட்டர் செய்யறாங்க. சேலை யாரு நெய்யறா?” இது தெலங்கானாவில் இருக்கிற போச்சம்பள்ளி, 1951-இல் வினோபா பாவேயின் பூதான இயக்கம் தொடங்கிய ஊர் என்று விளக்கிய பிறகும் அவளுக்கு மனம் ஆறவில்லை. ஊர்ப் பேரையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்ற வருத்தம். இக்கத்தில் நூலை முதலில் கணக்குப்படி கட்டிச் சாயம் தோய்த்துவிட்டு அப்புறம்தான் தறியில் ஏற்றுவார்கள். ஏற்றும்போது இழைகள் இம்மி நகரும். அதனால் பூவின் விளிம்பு லேசாகக் கலைந்திருக்கும். கலைந்திருப்பதுதான் அசலுக்கு அடையாளம். “எங்க ஊர் ஸ்கூட்டர்ல பெயின்ட் இப்படிக் கலைஞ்சிருந்தா லைனையே நிறுத்திடுவாங்க அக்கா” என்றாள். சரியான சிப்காட் வளர்ப்பு.

அத்தையை ஒருநாள் அந்தக் கடைக்கு அழைத்துப் போனேன். அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் எல்லாம் மல்பெரிச் சீமை. பட்டு எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. மத்திய பட்டு வாரியம் பட்டுப்புழு ரகங்களையும் மல்பெரி ரகங்களையும் சேமித்துக் காப்பாற்றுகிற மையத்தை ஓசூரில்தான் வைத்திருக்கிறது. மாநில அரசின் பட்டு வளர்ப்புப் பயிற்சி நிலையமும் இங்கேதான். அத்தை வீட்டில் நல்ல அறைகள் எல்லாம் புழுவுக்கு, மனிதர்கள் திண்ணையில். நாலு தடவை தோலுரித்து ஐந்தாம் பருவத்துக்கு வந்துவிட்டால் ராத்திரியும் இலை போட வேண்டும். புகையிலை வாடை பட்டால் புழு செத்துப்போகும் என்பதால் மாமா பீடி பிடிக்க ஊர் எல்லை வரை நடப்பார். அவருடைய ஆரோக்கியத்துக்குப் புழுதான் காரணம் என்று அத்தை இன்றைக்கும் சொல்வார். கூட்டைத் தருமபுரி மார்க்கெட்டுக்கோ ராமநகரத்துக்கோ கொண்டுபோவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து கழிப்பார்கள். கறை பட்டது ஒரு பக்கம், மெலிந்தது ஒரு பக்கம், ஓட்டை விழுந்தது ஒரு பக்கம். நல்ல வெள்ளைக் கூடென்றால் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் நூல் அறுபடாமல் ஒரே இழையாக வரும். அதன் கனம் ஏறக்குறைய என் இருபது மைக்ரான். அதாவது ஜெர்மன்காரன் டிராயிங்கில் எழுதுவதற்கு முன்பே கெலமங்கலத்துப் புழு அந்த அளவைப் பிடித்துவிட்டது. அத்தை என்னைப் போலவே ஒரு குவாலிட்டி இன்ஸ்பெக்டர், சீருடையும் பி.எஃப்.பும் மட்டும் கிடையாது.

கடைக்குள் வந்தவர் நேராக ஒரு துணியிடம் போய் இரண்டு விரலால் தேய்த்தார். மொரமொரவென்ற கெட்டிப் பட்டு; நடுநடுவே நூல் முண்டும் முடிச்சுமாகத் தடித்திருந்தது. கடைக்கார அம்மா ஓடிவந்து, “டூப்பியன் சில்க்மா. இந்த ஸ்லப்ஸ் எல்லாம் நேச்சுரல்” என்றார்.

“இது ரெட்டைக் கூட்டு நூலும்மா” என்றார் அத்தை.

நிஜம்தான். சில நேரம் இரண்டு புழு சேர்ந்து ஒரே கூட்டைக் கட்டிக்கொள்ளும். இரண்டு இழையும் பின்னிக்கொள்வதால் நூல் சீராக வராது, ஒரு இடம் தடிக்கும், ஒரு இடம் மெலியும். கூட்டு வியாபாரத்தில் அது கழிசல். அந்த நூலில் நெய்ததுதான் டூப்பியன்.

“இதை நாங்க தனியாக் கழிச்சு வெச்சுடுவோம். கேக்கற விலைக்குத் தள்ளிவிடுவோம். மீட்டர் எவ்வளவு?”

கடைக்கார அம்மா சொன்னார். அத்தை தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு துணியை மரியாதையோடு திரும்ப மடித்து வைத்ததைப் பார்த்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். கடைக்கார அம்மா உற்சாகமாகிவிட்டார். “இது இன்னும் ஸ்பெஷல்மா. அஹிம்சா சில்க். புழுவைக் கொல்லாம எடுக்கறது.” ஹைதராபாத்தில் குசும ராஜையா என்பவர் தொடங்கிவைத்த முறை அது. ஆர்.வெங்கட்ராமன் குடியரசுத் தலைவராக இருந்தபோது அவருடைய மனைவி ஜானகி அம்மையார் உயிர்க்கொலை இல்லாத பட்டுச்சேலை கிடைக்குமா என்று கேட்டதிலிருந்து அந்த யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். நல்ல எண்ணம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அத்தைக்கு எண்ணத்தைவிட முறைதான் முக்கியம்.

“கொல்லலேன்னா பூச்சி எப்படி வெளியே போச்சு?”

“அதுவா கூட்டைத் திறந்துகிட்டுப் பறந்து போயிடும்மா.”

“அப்போ ஓட்டைக் கூடு.”

“…ஆமாம்மா.”

“ஓட்டைக் கூட்டுல இழை எடுக்க முடியாதே. பஞ்சு மாதிரிப் பிச்சு நூக்கணும்.”

“அதேதான்மா! அதான் ரேட் கொஞ்சம் ஜாஸ்தி.”

அத்தை அங்கே இருந்த மூங்கில் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டார். பாகலூர் ரோட்டில் ஆட்டோ திரும்புகிற வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு தெலுங்கில் ஆரம்பித்தார். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து தான் கழித்துப் போட்ட ஓட்டைக் கூடு எத்தனை மூட்டை, ரெட்டைக் கூடு எத்தனை மூட்டை, இன்றைய விலைக்கு எவ்வளவு என்று கணக்கு. வீடு வந்து சேருவதற்குள் தேன்கனிக்கோட்டையில் ஐந்து ஏக்கர் தோப்பு கைநழுவிப் போயிருந்தது. பழியெல்லாம் மாமா மேல். உலகம் மாறப்போகிறது என்று தெரியாத மனுஷனாம்.

அவரைத் தேற்ற நான் ஒரு கதை சொன்னேன். மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணியை 1958-இல் ஒரு அமெரிக்க இறக்குமதிக்காரர் பத்தாயிரம் கெஜம் வாங்கிக்கொண்டு போனார். விற்றவர் சி.பி.கிருஷ்ணன் நாயர், பிற்பாடு லீலா ஓட்டல்களைத் தொடங்கிய அதே நாயர். இயற்கைச் சாயம், பச்சைத் தண்ணீரில் பக்குவமாகத் துவைக்க வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். அந்தப் பக்குவம் கப்பல் ஏறவில்லை. ப்ரூக்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய கடை அதில் கோட்டு தைத்து விற்றது. வாங்கியவர்கள் வாஷிங் மெஷினில் போட்டார்கள். சிவப்பு மஞ்சளுக்குப் போயிற்று, மஞ்சள் நீலத்துக்குப் போயிற்று, கூடப் போட்ட வெள்ளைச் சட்டையும் பண்டிகை கொண்டாடியது. வழக்கு வரை பேச்சு போனது. பிறகு யாருக்கோ மூளை வேலை செய்தது. பத்திரிகையில் எழுதினார்கள், விளம்பரம் செய்தார்கள்: சாயம் போகும், கட்டாயம் போகும், ஒவ்வொரு சலவைக்கும் உங்களுக்கு ஒரு புதுத் துணி! அவ்வளவுதான். சாயம் போகாத மெட்ராஸ் துணியைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். கஸ்டமர் கம்ப்ளெய்ன்ட்டுக்கு என் வேலைக்காலத்தில் பல தீர்வு பார்த்திருக்கிறேன். கம்ப்ளெய்ன்ட்டையே ஸ்பெசிஃபிகேஷனாக மாற்றிய தீர்வு அது ஒன்றுதான்.

அத்தை கேட்டுவிட்டு, “நம்ம துணி துவைக்கிற அம்மா போன வாரம் ரெண்டு சேலையில சாயம் ஏத்திட்டாளே, அதுக்கு நாம காசு தரணுமா?” என்றார்.

தங்கத்தில் மட்டும் இந்த ஜாலம் பலிப்பதில்லை. அதுவும் எங்கள் ஊர் சமாச்சாரம்தான். 1984-இல் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி ஓசூரில் கைக்கடிகாரம் செய்தார்கள். தொண்ணூறுகளில் அதே நிறுவனம் நகையில் இறங்கியது. தனிஷ்க்கின் முதல் கடை 1996-இல் சென்னையில் திறந்தது. நகை செய்கிற பட்டறை ஓசூரில். தலைமுறை தலைமுறையாகத் தரையில் உட்கார்ந்து குமுட்டி அடுப்பை ஊதிய பொற்கொல்லர்களின் கலையையும், நொடிக்கு நொடி பிசகாத கடிகாரத் தொழிற்சாலையின் ஒழுங்கையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தது பெரிய காரியம். அங்கே போய் ‘சிறு மாறுபாடுகளே அழகு’ என்று யாரும் அட்டை கட்ட முடியாது. 22 காரட் என்றால் 916 தான். 915-இன் அழகை ரசிக்க ஒருவரும் தயாரில்லை. 2023 ஏப்ரலிலிருந்து ஹால்மார்க் நகை ஒவ்வொன்றுக்கும் ஆறு இலக்கத் தனி அடையாளம் வேறு. சேதாரம் என்று தனியாகக் கணக்குப் போட்டு வாங்கிக்கொள்கிற நேர்மை நகைத்தொழிலுக்கு மட்டும்தான் உண்டு. பொட்டிக்கில் சேதாரம் துணிக்குள்ளேயே இருக்கிறது.

இதுவரை படித்துவிட்டு, கைவேலை என்றாலே கோணல் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தடவை சித்தேரி மலைப் பக்கத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. தருமபுரி மாவட்டம், அரூர் தாண்டி, சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற டாக்டர் தம்பதி 1993-இல் அங்கே பழங்குடி மக்களுக்காக மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். அந்தப் பகுதி லம்பாடிப் பெண்களின் பூத்தையல் கிட்டத்தட்ட அழிந்தேபோயிருந்தது. ஒன்றிரண்டு பாட்டிமார்தான் கையில் வைத்திருந்தார்கள். லலிதா ரெஜியின் முயற்சியில் அவர்களிடமிருந்து இளையவர்கள் கற்றுக்கொண்டு, ‘பொர்கை’ என்ற பெயரில் சங்கமாகச் சேர்ந்து இப்போது பை, குர்தா, திண்டு உறை என்று செய்கிறார்கள்.

பெட்டியைப் பிரித்ததும் கை தானாக வெர்னியருக்குப் போயிற்று. ஒரு பையின் ஓரத்தில் ஓடிய முக்கோண வரிசையை அளந்தேன். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. பையைத் திருப்பி உள்பக்கம் பார்த்தேன். பூத்தையலின் யோக்கியதை முன்பக்கத்தில் தெரியாது. முடிச்சும் தாண்டலும் எல்லாம் பின்னால்தான் ஒளிந்திருக்கும். அங்கேயும் சுத்தம். இந்தப் பெண்கள் துணியின் இழையை எண்ணி ஊசி போடுகிறவர்கள். கண்ணாடி வைத்துப் பார்க்கிற வசதி கிடையாது, டிராயிங் கிடையாது, பாட்டி சொன்ன எண்ணிக்கை மட்டும்தான். “மேடம், இதுல அட்டை தேவையில்லை. அவிழ்த்துடுங்க” என்றேன். அவர் அவிழ்க்கவில்லை. அட்டை இல்லாவிட்டால் பெங்களூர்க்காரர்கள் மிஷின் தையல் என்று நினைத்துவிடுவார்களாம்.

அந்த வார்த்தை மனதில் நின்றுவிட்டது. நன்றாகச் செய்த கைவேலைக்குக் கோணல் சான்றிதழ் வேண்டும் என்றால், கோணல் மட்டும் இருக்கிற சரக்கு என்ன செய்யும்?

கேள்விக்குப் பதில் அந்த வருஷத் தீபாவளி லாட்டில் வந்தது. ‘ஹேண்ட் பிளாக் பிரின்ட்’ குர்தாக்கள். மரக்கட்டையில் பூவைச் செதுக்கி, சாயத்தில் தோய்த்து, துணியில் ஒவ்வொரு அச்சாக அறைந்து நகர்த்துவது நிஜமான முறை. மனிதன்தானே, ஒரு அச்சு கொஞ்சம் மேலேறும், ஒன்று கீழிறங்கும், ஒரு இடத்தில் சாயம் வெளிறும். இந்தக் குர்தாவிலும் எல்லாம் இருந்தது. இடது தோளருகே ஒரு பூ பக்கத்துப் பூவைவிட்டு இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்தது. அதன் கீழே ஓர் இலை பாதி வெளிறியிருந்தது. அழகோ அழகு. விலையும்.

கீழே இறங்கிக்கொண்டே வந்தேன். இடுப்பருகே இன்னொரு பூ விலகியிருந்தது. இரண்டு மில்லிமீட்டர். அதன் கீழே ஓர் இலை, பாதி வெளிறல். கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தேன். தோளிலிருந்து இடுப்புக்கு முப்பத்திரண்டு சென்டிமீட்டர். இடுப்பிலிருந்து இன்னொரு முப்பத்திரண்டு இறங்கினால் விளிம்பருகே மூன்றாவது பூ, அதே விலகல், அதே வெளிறல். அடுத்த குர்தாவை எடுத்தேன். அதற்கடுத்ததை எடுத்தேன். வேலையில் சேர்ந்ததிலிருந்து இவ்வளவு சீரான உற்பத்தியை நான் பார்த்ததில்லை.

“மேடம், இது கை இல்லை. பிரின்டர்.”

“எப்படிச் சொல்றீங்க? பாருங்க, தப்பெல்லாம் இருக்கே.”

“தப்பு இருக்கு. ஆனா தப்பு தப்பாமே வருது.”

கட்டையில் ஒரு இதழ் உடைந்திருந்தால் அது எல்லா அச்சிலும் விழும், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று அவருக்கு விளக்கினேன். ஆனால் ஓர் அச்சுக்கும் அடுத்த அச்சுக்கும் நடுவே விடுகிற இடைவெளி கையின் சங்கதி. இடுப்பு வலித்தால் ஒரு மாதிரி, டீ வந்துவிட்டால் ஒரு மாதிரி. எந்தக் கையும் முப்பத்திரண்டு சென்டிமீட்டருக்கு ஒருமுறை சரியாக இரண்டு மில்லிமீட்டர் தவறாது. யாரோ நிஜமான துணி ஒன்றைப் படம் பிடித்து, அதிலிருந்த பிசகையும் சேர்த்துப் படியெடுத்து, மிஷினில் கொடுத்து ஓட்டித் தள்ளியிருக்கிறார்கள்.

கடைக்கார அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. அவரும் ஏமாந்தவர்தான், அட்டையை அவர் நம்பித்தான் கட்டினார். உடனே சப்ளையருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். வடக்கே ஏதோ பெரிய ஊர். தமிழும் இந்தியும் இங்கிலீஷும் கலந்து மிக மரியாதையான குரல்.

“என்ன கம்ப்ளெய்ன்ட் மேடம்? போன லாட்டுல டிசைன் ரொம்ப பெர்ஃபெக்டா இருக்கு, கை வேலை மாதிரித் தெரியலைன்னு பார்ட்டி எல்லாரும் சொன்னாங்க. அதான் இந்தத் தடவை தப்பு போட்டுத் தந்திருக்கோம்.”

“தப்பெல்லாம் ஒரே மாதிரி இருக்கு சார்.”

“ஒரே மாதிரி இருக்கறது நல்லதுதானே மேடம்?”

கடைக்கார அம்மா என்னைப் பார்த்தார். எனக்கு அந்த மனிதர் மேல் கோபமே வரவில்லை. எந்தக் கம்பெனியில் இருந்தாலும் நான் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்துக்கொள்வேன்.

“கையால செஞ்சா தப்பு ஒவ்வொண்ணும் வேற வேற மாதிரி வரணும் சார்” என்றேன் நான், போனை நோக்கி.

“ஓகே மேடம், நோ ப்ராப்ளம். வேற வேற மாதிரியே போட்டுடலாம். எத்தனை மில்லிமீட்டர் வரைக்கும் தப்பா இருக்கலாம், ஒரு மீட்டருக்கு எத்தனை தப்பு வேணும்னு ஒரு டிராயிங் போட்டு டாலரன்ஸோட அனுப்பிடுங்க. பொங்கல் லாட்டுல கரெக்டா அந்தத் தப்பைச் செஞ்சு தந்துடறோம்.”

கடைக்கார அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

“மேடம், உங்களுக்கு டிராயிங் போட வருமில்லே?”